உங்கள் சங்கத்தின் பைலாவை எப்பொழுது வாசித்தீர்கள்?

பிழைப்பிற்காகச் சொந்த ஊரை விட்டுப் பட்டணத்துக்கு வந்த நம்மில் அநேகர் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராயிருக்கிறோம். ஊர் நலச் சங்கம், தமிழ்க் குடும்பங்களின் சங்கம், குடியிருப்போர் சங்கம், தொழிலாளர் உதவிச் சங்கம் எனப் பெயர்கள் பல. மாதந்தோறும் சந்தா கட்டுகிறோம். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுகிறோம். ஆனால் அந்தச் சங்கத்தை ஆளுகிற பைலாவை நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது முழுவதும் வாசித்திருக்கிறோம்? இந்தக் கேள்வியை முதலாவது என்னிடத்திலேயே கேட்கவேண்டியவனாயிருக்கிறேன். நான் இங்கே சொல்லப்போகிற பைலாவுக்குச் சுத்தப் பிரதி எழுதிக் கொடுத்தவன் நானே.

ஊரிலிருந்து வந்த பைலா

திருவனந்தபுரத்துக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் கழக்கூட்டத்தை உங்களில் பலர் அறிவீர்கள். 1990ஆம் ஆண்டில் டெக்னோபார்க் ஏற்படுத்தப்பட்ட பின்பு அவ்விடத்தின் முகமே மாறிற்று. கணினி வேலைக்கு வந்தவர்களோடு கொத்தனார்கள், பெயிண்டர்கள், தேநீர்க்கடைக்காரர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், வீட்டு வேலை செய்யும் சகோதரிகள் எனக் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. 2005ஆம் ஆண்டில் அப்படிப்பட்ட சில குடும்பங்கள் கூடி ஒரு நலச் சங்கம் தொடங்கின. சபை வேறுபாடோ மத வேறுபாடோ அதில் இல்லை. வியாதியில் ஒரு கைகொடுத்தல், மரணம் நேரிட்டால் சடலத்தை ஊருக்குக் கொண்டுபோக உதவுதல், பிள்ளைகளின் படிப்புக்குச் சிறு தொகை கொடுத்தல் ஆகிய இவை மூன்றுமே அதன் நோக்கங்கள்.

"பாஸ்டர், நீங்கள் படித்தவர், பைலாவை நீங்களே எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவனுக்குச் சங்கச் சட்டம் எப்படித் தெரியும்? ஒரு சகோதரர் ஊரிலுள்ள சங்கத்தின் பைலாவைக் கொண்டுவந்தார். பெயரையும் இடத்தையும் மாற்றி, மற்றதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஒரு பத்திரம் எழுதுகிறவர் மலையாளத்தில் ஒன்றைத் தயாரித்துப் பதிவு செய்தார். எங்கள் கையில் இருந்தது தமிழ்ப் பிரதி. பதிவு அலுவலகத்தில் இருந்தது மலையாளப் பிரதி. இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து எவரும் ஒப்பிடவில்லை.

இங்கே ஒரு சரித்திர உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். சங்கப் பதிவுக்கு இந்தியா முழுவதற்கும் பொருந்துகிற ஒரே சட்டம் கிடையாது. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டமே பழைய தாய்ச் சட்டம். இன்றைய கேரளத்தின் மலபார்ப் பகுதியில் அது வழங்கிவருகிறது. திருவனந்தபுரம் அடங்கிய பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கோ 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலக்கிய, அறிவியல், அறக்கொடைச் சங்கங்கள் பதிவுச் சட்டம் என்னும் தனிச் சட்டம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூரை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. பின்பு தமிழ்நாடு தனக்கென்று 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. ஆகவே மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டத்துக்குப் பேருந்தில் சில மணி நேரம் பிரயாணம் செய்கிற ஒருவர் ஒரு சட்டத்தை விட்டு வேறொரு சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். அவர் பையில் இருக்கிற பைலா மாத்திரம் பழைய சட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறது.

ஒரு சகோதரியின் கேள்வி

எங்கள் சங்கத்தில் பதினொரு ஆண்டுகள் தவறாமல் சந்தா கட்டிய பெயிண்டர் ஒருவர் மாரடைப்பால் காலமானார். மனைவியும் பள்ளியில் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். மரண உதவித்தொகைக்கு அந்தச் சகோதரி விண்ணப்பம் கொடுத்தபோது பொருளாளர் பைலாவைப் புரட்டினார். "குடும்பத் தலைவராகிய ஆண் உறுப்பினராவார், அவர் மரித்தால் மரண உதவித்தொகை அவருடைய மூத்த மகனிடம் வழங்கப்படும், உறுப்பினர் உரிமையும் அம்மகனுக்குச் சேரும்" என்று அதில் எழுதியிருந்தது. மகன் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தையும் இல்லை.

நிர்வாகிகள் இரக்கமற்றவர்கள் அல்லர். தங்கள் சட்டைப்பைகளிலிருந்து பணம் சேர்த்து, உதவித்தொகைக்குச் சமமான தொகையை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஜெபிக்கும்படி நானும் உடன் போயிருந்தேன். எல்லாரும் எழுந்திருக்கும்போது அந்தச் சகோதரி என்னைப் பார்த்து, "ஐயா, கொடுத்ததற்கு ஸ்தோத்திரம். ஆனால் அவர் பதினொரு வருஷமாய்க் கட்டினாரே, அது யாருக்காகக் கட்டினது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வீட்டுக்கு உரிமையாய்ச் சேரவேண்டியது தர்மமாய்ப் போய்ச் சேர்ந்தது. கைக்கு வந்த தொகை ஒன்றுதான். ஆனால் உரிமையைப் பெறுகிறவர் தலை நிமிர்ந்து வாங்குகிறார், தர்மத்தைப் பெறுகிறவர் தலை குனிந்து வாங்குகிறார். அந்தக் குனிவுக்குக் காரணமான வரியை நகல் எடுத்தவன் நான்.

ஆடிட்டரின் கடிதம்

ஆனாலும் பைலாவைத் திருத்தவேண்டும் என்ற பேச்சு அந்தக் கேள்வியினால் உடனே எழும்பவில்லை. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அது எழும்பினது ஒரு வரிச் சட்டத்தினால்.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. அறக்கட்டளைகள், தர்ம ஸ்தாபனங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பழைய சட்டத்தில் சிதறிக்கிடந்தவை புதிய சட்டத்தில் 332 முதல் 355 வரையுள்ள பிரிவுகளில் ஒன்றுசேர்க்கப்பட்டு, "பதிவு பெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு" என்ற புதுப்பெயரைப் பெற்றன. கணக்காண்டுக்கும் மதிப்பீட்டு ஆண்டுக்கும் பதிலாக "வரி ஆண்டு" என்ற ஒரே சொல் வந்தது. "உங்கள் பைலாவில் பழைய சட்டத்தின் பிரிவுகள் இருந்தால் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்" என்று ஆடிட்டர் எழுதினார்.

நிர்வாகக் குழு கூடிற்று. "எண்ணைத்தானே மாற்றவேண்டும், பாஸ்டர், பத்து நிமிஷ வேலை" என்றார் செயலாளர். ஆனால் எந்த வரியில் எந்த எண் இருக்கிறது என்று தேடுவதற்காவது பைலாவை முதலிலிருந்து வாசிக்கவேண்டியிருந்ததே! இருபது ஆண்டுகளுக்குப் பின்பு முதல்முறையாக நாங்கள் அதை உரக்க வாசித்தோம். வாசிக்க வாசிக்க ஒவ்வொருவர் முகமும் மாறிற்று.

பழைய வரிகள் நான்கு

முதலாவது, சங்கத்தின் எல்லை. "கழக்கூட்டம் கிராமப் பஞ்சாயத்துக்குள் வசிக்கிறவர்கள்" என்று இரண்டு பிரதிகளிலும் இருந்தது. கழக்கூட்டம் பஞ்சாயத்தோ 2010ஆம் ஆண்டிலேயே ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு முதலான பஞ்சாயத்துகளோடு திருவனந்தபுரம் மாநகராட்சியில் இணைக்கப்பட்டுவிட்டது. இல்லாத ஒரு பஞ்சாயத்தின் எல்லைக்குள் எங்கள் சங்கம் இத்தனை ஆண்டுகள் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, சட்டத்தின் பெயர். தமிழ்ப் பிரதியில் "தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975" என்றிருந்தது. மலையாளப் பிரதியிலோ 1955ஆம் ஆண்டின் சட்டம் சரியாக இருந்தது. அப்படியானால் உறுப்பினர்கள் கையிலிருந்த புத்தகம் அவர்களைக் கட்டுப்படுத்துகிற புத்தகமே அல்ல.

மூன்றாவது, கலைப்பு. சங்கம் கலைக்கப்பட்டால் மீதியான சொத்து உறுப்பினர்களுக்குச் சமமாகப் பங்கிடப்படும் என்று எழுதியிருந்தோம். 1860ஆம் ஆண்டின் தாய்ச் சட்டமே இதை அனுமதிக்கவில்லை. கடன்கள் தீர்ந்தபின் மீதியாயிருப்பது உறுப்பினர்களுக்குள் பங்கிடப்படாமல் வேறொரு சங்கத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது அதன் 14ஆம் பிரிவின் கருத்து. வரிச் சலுகைக்காகப் பதிவு செய்கிற தர்ம அமைப்புகளின் கலைப்பு விதியையும் வரித் துறையினர் கவனித்துப் பார்ப்பார்கள்.

நான்காவது, உறுப்பினர் யார் என்பது. தமிழில் "குடும்பத் தலைவராகிய ஆண்", மலையாளத்தில் "கிருகநாதன்". இரண்டும் ஒரே மனிதனைத்தான் சுட்டின.

இப்பொழுது கவனியுங்கள். பிரிவு எண்கள் மாறினதைப்பற்றி நாங்கள் அதிகமாய்ப் பயந்தோம். ஆனால் ஒரு சட்டம் நீக்கப்பட்டு அதற்குப் பதிலாக வேறொன்று இயற்றப்படும்போது, மற்ற ஆவணங்களில் பழைய சட்டத்தைப்பற்றிய குறிப்புகள் புதிய சட்டத்தைப்பற்றியதாகவே கொள்ளப்படும் என்று 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஏற்கெனவே வழிசெய்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் இப்படியே. எண்களைத் திருத்துவது நல்லது. ஆனாலும் அதில் தாமதம் ஏற்பட்டால் பெரும்பாலும் வானம் இடிந்து விழாது. சட்டம் தானாய்ச் சரிசெய்துகொடுக்காத வரிகளே மெய்யாகவே ஆபத்தானவை. உங்கள் சங்கத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை எந்தப் பாராளுமன்றமும் வந்து திருத்தித் தராது. அதை நீங்களே திருத்தவேண்டும்.

சட்டம் மகளை நினைத்தது, பைலா மறந்தது

"ஊர் வழக்கம் அப்படித்தானே" என்று ஒருவர் சொன்னார். எந்த ஊர் வழக்கம்? திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டில் வந்த கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், சில பிரிவினருக்கு விலக்கு அளித்தபோதிலும், பொதுவாக மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே கொடுத்தது. விதவைக்கு ஆயுள்வரையிலான உரிமை மாத்திரமே உண்டு. மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. கோட்டயத்தில் பள்ளி நடத்திவந்த மேரி ராய் அம்மையார் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தலைமை நீதிபதி பகவதி, நீதிபதி பாதக் ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாமற்போயிற்று என்றும், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றும் சொன்னார்கள். இச்சட்டத்தின்படி உயில் எழுதாமல் மரிக்கிற கிறிஸ்தவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மற்ற இரண்டு பங்கும் பிள்ளைகளுக்கு, மகன் மகள் என்ற வேறுபாடின்றிச் சமமாக. 2005ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டமும் திருத்தப்பட்டு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது.

சங்கத்தின் நிதியிலிருந்து வழங்கப்படும் உதவித்தொகை, மரித்தவருடைய சொத்தைப் போன்றதல்ல. அது யாருக்குச் சேரும் என்பதைப் பைலாதான் சொல்லவேண்டும். ஆகவே நாங்கள் 2005இல் எழுதினது சட்டவிரோதம் என்று ஒருவரும் வழக்குப் போட்டிருக்கமாட்டார்கள். ஆனால் நாட்டின் சட்டம் 1986இலேயே விட்டுவிட்ட மனதை நாங்கள் 2005இல் எடுத்து எழுதியிருந்தோம்.

வேதத்தை வாசிக்கிற உங்களுக்குச் செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளை நான் அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் அவர்கள் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, தங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததினால் அவன் பெயர் அற்றுப்போகலாமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பு வந்தது. அதுமுதல் அது எல்லாருக்கும் பிரமாணமாயிற்று. அதே புஸ்தகத்தின் 36ஆம் அதிகாரத்தில், கோத்திரத்தின் சுதந்தரம் கைமாறிப்போகாதபடிக்கு அந்தப் பிரமாணத்தோடு இன்னொரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. கேள்வி எழும்பினபோது பிரமாணம் விரிந்தது. அடுத்த கேள்வி எழும்பினபோது அது இன்னும் தெளிவாயிற்று. நானோ இந்த அதிகாரங்களைப் பிரசங்கித்திருந்தும், எங்கள் சங்கத்தின் சகோதரி கேட்ட கேள்வியில் அவற்றைக் காணாமற்போனேன்.

திருத்தும் முறை

நல்ல எண்ணம் மாத்திரம் போதாது. முறைப்படி செய்யப்படாத திருத்தம் திருத்தமே அல்ல. நிர்வாகக் குழுவின் நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பைலாவை மாற்ற முடியாது. அது பொதுக்குழுவின் அதிகாரம். முன்னறிவிப்பு எத்தனை நாள், எத்தனை பேர் வந்தால் கோரம், எத்தனை பங்கு ஆதரவு வேண்டும் என்பவைகளைச் சட்டமும் உங்கள் பதிவான பைலாவும் சொல்லும். இவை இடத்துக்கு இடம் வேறுபடும். தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பும், வந்து வாக்களிப்பவர்களில் நாலில் மூன்று பங்கினரின் ஆதரவும் அதற்குத் தேவை. 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலோ சங்கத்தின் நோக்கத்தையே மாற்றுவதானால் ஐந்தில் மூன்று பங்கினர் ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதம் கழித்து இரண்டாம் கூட்டத்திலும் அதை உறுதிசெய்யவேண்டும். ஆகவே ஊரிலுள்ள சங்கம் செய்தபடி நாமும் செய்தால் போதும் என்று எண்ணாதிருங்கள்.

பெரிய சங்கமானாலும் இந்த ஒழுங்குக்குத் தப்பாது. இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் சட்டத்தின் பார்வையில் தமிழ்நாட்டில் பதிவான ஒரு சங்கமே. அதன் விதிகளைத் திருத்தும்படி நீதிபதி லோதா குழு செய்த பரிந்துரைகளை 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. 2018 ஆகஸ்ட் 9 அன்று புதிய விதிகளுக்கு ஒப்புதல் அளித்த நீதிமன்றம், அவற்றைப் பதிவு செய்யும்படி தமிழ்நாட்டின் சங்கப் பதிவாளருக்கே உத்தரவிட்டது. கோடிகள் புரளுகிற வாரியத்தின் விதிகளும் பதிவாளரின் மேஜைக்குப் போகவேண்டுமானால், மாதச் சந்தாவில் நடக்கிற நமது சங்கங்கள் எம்மாத்திரம்?

வரியைக் குறித்தும் ஒரு வார்த்தை. உறுப்பினர்கள் தங்களுக்குள்ளே பணம் போட்டுத் தங்களுக்கே உதவிக்கொள்ளுகிற சங்கமும், பொதுமக்களுக்குத் தர்மம் செய்கிற அமைப்பும் வரிச் சட்டத்தில் ஒன்றல்ல. எங்கள் பைலாவில் 12ஏ பிரிவு எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பதிவுக்கு நாங்கள் ஒருநாளும் விண்ணப்பித்ததில்லை. அதுவும் நகலோடு வந்த வரியே. தங்களுக்குள்ளே சேர்த்துத் தங்களுக்கே செலவிடுவது வருமானம் ஆகாது என்ற கொள்கை நீதிமன்றங்களால் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனாலும் பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு வட்டி பெற்றால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை தன் உறுப்பினர்களுக்கு நடத்துகிற உதவித் திட்டங்களுக்கு ஜிஎஸ்டி கேட்கப்பட்ட வழக்கில், உறுப்பினர்களுக்கும் சங்கத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை வரிக்கு உட்படுத்தின பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றத்தின் அமர்வு சொன்னது. மரண உதவி நிதி நடத்துகிற சங்கங்கள் இவ்விரண்டு தீர்ப்புகளையும் சொல்லி, தங்கள் நிலை என்ன என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுவது ஞானம்.

எங்கள் பொதுக்குழு

பதிவு அலுவலகத்திலிருந்து மலையாளப் பிரதியின் சான்றிட்ட நகலை வாங்கினோம். அதைத் தமிழில் வரிக்கு வரி எழுதி, பழைய விதி ஒரு பக்கமும் புதிய விதி எதிர்ப்பக்கமுமாக அச்சிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தோம். முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. ஆராதனை முடிந்து வந்தவர்கள் சிலர், ஷிப்ட் முடிந்து உறங்கினவர்கள் பலர், கோரம் சேரவில்லை. "வந்தவர்களை வைத்து முடித்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்?" என்று சிலர் சொன்னார்கள். செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தைத் தள்ளிவைத்து மறுபடியும் முன்னறிவிப்பு கொடுத்தார். அவருக்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். அன்றைக்கு முடித்திருந்தால், பின்னொரு நாளில் மனஸ்தாபப்பட்ட ஒருவர் எழுந்து அத்தனையையும் செல்லாததாக்கியிருக்கக்கூடும்.

இரண்டாம் கூட்டம் ஒரு விடுமுறை நாள் மாலையில் நடந்தது. எல்லையும் சட்டத்தின் பெயரும் கலைப்பு விதியும் ஒருமனதாக நிறைவேறின. உறுப்பினர் விதி வந்தபோது மூத்த அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். "பாஸ்டர், வீட்டுக்கு இரண்டு ஓட்டு வந்தால் வீட்டுக்குள்ளேயே தேர்தல் நடக்குமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது வேடிக்கையல்ல. சங்கத்தின் கணக்கே வீட்டுக்கு ஒரு சந்தா என்றிருந்தது. வெகு நேரம் பேசினபின், உறுப்பினர் உரிமை வீட்டுக்கு ஒன்று என்றும், அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும் என்றும், கூட்டத்தில் இருவரில் எவராவது ஒருவர் வாக்களிக்கலாம் என்றும், ஒருவர் மரித்தால் மற்றவர் பெயரில் அது தொடரும் என்றும் முடிவாயிற்று. தனியாய் வாழ்கிற சகோதரிகளும் சகோதரர்களும் தங்கள் பெயரிலேயே சேரலாம். மரண உதவித்தொகைக்கு ஒவ்வொருவரும் எழுத்தில் ஒரு நாமினியைக் குறிப்பிடவேண்டும். குறிப்பிடாவிட்டால் முதலில் கணவன் அல்லது மனைவிக்கும், அவர் இல்லாவிட்டால் மகன் மகள் எல்லாருக்கும் சமமாகவும் சேரும். சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினோம். தேவையான பெரும்பான்மை கிடைத்தது. தீர்மானத்தின் நகலும் திருத்தப்பட்ட பைலாவும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யப்பட்டன.

புதிய விதி பின்னோக்கிச் செல்லாது என்பதை ஆடிட்டர் நினைப்பூட்டியிருந்தார். ஆகவே அந்தச் சகோதரிக்காகத் தனித் தீர்மானம் ஒன்று கொண்டுவந்தோம். அவர் கணவருக்குரிய உதவித்தொகை சங்கத்தின் நிதியிலிருந்து அவருக்கு உரியதாகவே வழங்கப்படுகிறது என்றும், அவ்வீட்டின் உறுப்பினர் உரிமை அவர் பெயரில் தொடர்கிறது என்றும் பொதுக்குழு எழுதிற்று. முன்பு கைப்பணம் கொடுத்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதாக அவர் சொன்னார். அவர்களோ அதைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது

பிரியமானவர்களே, உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயிருக்கிறது என்று இந்த மாதமே கேளுங்கள். பதிவு அலுவலகத்திலுள்ள பைலாவின் சான்றிட்ட நகலை வாங்கச் சொல்லுங்கள். உங்கள் கையிலுள்ள பிரதியோடு அதை ஒப்பிடுங்கள். ஆண்டுதோறும் தாக்கல் செய்யவேண்டிய நிர்வாகக் குழுவின் பட்டியல் தாக்கலாயிற்றா என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுகிறவர்கள் இன்னும் உயிரோடும் பதவியோடும் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். எண்களை மாற்றும்படி பைலாவைத் திறக்கும்போது அந்த வரியோடு நிறுத்திவிடாதிருங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் உரக்க வாசியுங்கள். செயலாளரின் நாற்காலியில் இருந்தல்ல, அந்தச் சங்கத்தில் எல்லாரிலும் பலவீனமான உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் இருந்து வாசியுங்கள். ஒரு மரணம் நேரிட்ட மறுநாள் இந்த வரி அந்த வீட்டாருக்கு என்ன செய்யும் என்று ஒவ்வொரு விதியிலும் கேளுங்கள். எருசலேமின் ஆதிச் சபையிலும் விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டபோதுதான் புதிய ஒழுங்கு ஏற்பட்டது என்பதை மறவாதிருங்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு அந்தச் சகோதரி தம் இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தார். உறுப்பினர் பதிவேட்டில் கணவருடைய பெயருக்குக் கீழே தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். மூத்த மகள் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு பையைத் திறந்து, அந்த மாதத்துச் சந்தாவை எண்ணிப் பொருளாளரிடத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.